மச்சானுக்கு ரெண்டாங் கல்யாணம்

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் ஷிப்ட் பார்த்தேன். மணிக்கு ஒரு தடவை மீட்டர்களைப் பார்க்க வேண்டும், நோட்டில் 'நார்மல்' என்று எழுத வேண்டும், டீ குடிக்க வேண்டும். முள் கொஞ்சம் அப்படி இப்படி ஆடினாலும் நான் நார்மல் என்றுதான் எழுதுவேன். ஆடின முள் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் வந்தும்விட்டது. அந்தப் பழக்கத்தை ரிட்டயர் ஆன பிறகு வீட்டுக்கும் கொண்டுவந்தேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது, பின்னால் வரும்.

என் மனைவிக்கு மறதி நோய் வந்து நான்கு வருஷமாகிறது. கடலூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். மேலதிகாரி எழுதிக் கொடுத்த கடிதத்தில் தப்பு இருந்தால், அடிக்காமல் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்துவிட்டு, "பாத்துட்டுக் குடுங்க சார்" என்று திரும்பி வருகிற ரகம். அப்படிப்பட்டவளுக்கு முதலில் குழம்பில் உப்பு மறந்தது. பிறகு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு இருக்கிற தெரு. பிறகு மகள் கனடாவில் இருக்கிறாள் என்பது. அதற்கும் பிறகு, சில நாட்களில் மட்டும், நான்.

டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "மருந்து கொஞ்சந்தான் வேல செய்யும் சார். மீதி உங்க கையில இருக்கு. நீங்க சிரிச்ச மொகமா இருந்தா அவுங்க நிம்மதியா இருப்பாங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நம்ம நல்லாருக்கமா இல்லியான்னு அவுங்க தெரிஞ்சிக்கப் போறாங்க."

எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் எனக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றியது. எங்கள் கம்பெனியில் நான் சிரிக்கவைக்காத ஆள் கிடையாது. வேலைநிறுத்தப் பந்தலில்கூட எனக்கு மைக் கொடுத்திருக்கிறார்கள். இழவு வீட்டில் என்னை வாசலிலேயே உட்காரவைத்துவிடுவார்கள், உள்ளே விடமாட்டார்கள். சிரிச்ச முகம்தானே, வைத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முதல் காரியமாக, இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினேன். 'பாத்ரூம்', 'சர்கரை', 'உப்பு', 'பீரோ சாவி இங்கே'. நீலமும் சிவப்புமாக இரண்டு ஸ்கெட்ச் பேனா தீர்ந்தது. மறுநாள் காலையில் அவள் எழுந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனாள். 'சர்கரை' என்று நான் ஒற்று விட்டு எழுதியிருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இந்த வீட்ல யாருக்கோ மறதி வியாதி போலருக்கே?"

"ஆமா."

"பாவம். நம்ம சீக்கிரம் கெளம்பிடுவோம். அவுங்களுக்குத் தொந்தரவா இருக்கப் போவுது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். டாக்டர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒரு நாள் குளிக்கவைக்கப் போனபோது அவள் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் கெஞ்சினேன், பாட்டு பாடினேன், எனக்குத் தெரிந்த அத்தனை கோணங்கியும் பண்ணினேன். வெந்நீர் ஆறிப்போனது. திடீரென்று நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் கதவை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னாள்: "சாரி சார். நாளைக்கி முடிச்சிக் குடுத்துடறேன் சார்."

ஆபீஸில் இருந்த காலத்தில் அவள் எந்த அதிகாரியிடமும் அப்படி நின்றதில்லை. என்னிடம் நின்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியே வந்தபோது அவள் எல்லாவற்றையும் மறந்திருந்தாள். "ஏன் கண்ணு செவந்திருக்கு, சோப்பு பட்டுடுச்சா?" என்று கேட்டாள். மறதியில் இப்படியும் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆனால் அது எனக்கு இல்லையே.

சிதம்பரத்தில் இருக்கிற என் மச்சான், அவளுடைய ஒரே தம்பி, தினமும் சாயங்காலம் போன் பண்ணுவான்.

"மாமா, அக்கா எப்பிடி இருக்குது?"

"நார்மல் மச்சான்."

"நான் வேணா ஞாயித்துக்கெழம வந்து பாக்கட்டா?"

"கடையப் பாரு மச்சான். நாங்க ஜாலியா இருக்கோம்."

அவன் பாட்டுக்கு ஸ்டேஷனரி கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு அப்புறம் அவன் வரவே இல்லை, நான்தான் வரவிடவில்லை. வந்தால் முகத்தைத் தொங்கப்போடுவான், நான் கட்டிவைத்திருக்கிற சிரிப்புக் கடை சாத்தப்பட்டுவிடும் என்ற பயம்.

கடைசியில் ஒருநாள் அவன் சொல்லாமல் வந்து நின்றான். கையில் பத்திரிகை. அவனுக்கு அறுபது முடிகிறது, அறுபதாம் கல்யாணம். எல்லாரும் திருக்கடையூர் போவார்கள்; இவன் அக்காவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று சிதம்பரத்திலேயே தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் பிடித்திருந்தான். என் மனைவி அவனை வரவேற்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு எந்த செக்ஷன் வேணும்?" என்று கேட்டாள். அவன் தண்ணீரைக் குடிக்காமல் என்னைப் பார்த்தான். நான் கூரையில் ஓடுகிற பல்லியைப் பார்த்தேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. போனில் சொன்னான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவ முன்வரிசையில உக்காரவெச்சி மரியாத பண்ணிடறோம். அந்த முடிச்ச மட்டும் எங்க சித்தப்பா பொண்ணு போட்டுடட்டும்."

எந்த முடிச்சு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தாலிக்கு முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மூன்றாவதை அவர் கூடப்பிறந்த அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அறுபதாம் கல்யாணத்தில் கட்டுகிற புதுத் தாலிக்கும் அதே வழக்கம்தான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கல்யாணத்தில் என் மனைவி அந்த முடிச்சைப் போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கும் அந்தத் தம்பி பெண்டாட்டிக்கும் ஒரு பொங்கல்கூடச் சண்டையில்லாமல் போனதில்லை. மாமியாருடைய வெண்கலப் பானை யாருக்கு என்று ஆரம்பித்து இரண்டு வருஷம் பேசாமலேயே இருந்தார்கள். ஆனாலும் நாத்தனார் நாத்தனார்தான். அந்த இடத்தில் இன்னொருத்தியா?

"மச்சான், உங்கக்கா இருக்கும்போது சித்தப்பா பொண்ணு எதுக்குடா?"

"மாமா, மேடையில அக்கா எதனா பேசிட்டா? அக்காவப் பாத்து நாலு பேர் சிரிச்சா எனக்குத் தாங்காது."

"யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் கேரண்டி."

என் கேரண்டியின் தரம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் சரி என்றான். அவன் பெண்டாட்டியும் பின்னாலிருந்து, "அண்ணி போடலன்னா எனக்குத் தாலியே வேணாம்னு சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள். நாத்தனார்மேல் பாசமா, பானை தன்னிடம் இருக்கிற தாராளமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் அந்த மேடையில் நிற்க வேண்டும். அவளுடைய ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், இவள் இன்னும் இவள்தான் என்று ஒரு தடவை நிற்க வேண்டும். கூடவே, 'மனுஷன் எவ்வளவு நல்லா பாத்துக்கிறாரு பாருய்யா' என்று நாலு பேர் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் எது முதல், எது கூட என்று கேட்டால் நான் பேச்சை மாற்றுவேன்.

பயிற்சி ஆரம்பித்தோம். திருப்பாதிரிப்புலியூர் கடையில் மஞ்சள் கயிறு ஒரு கட்டு வாங்கிவந்தேன். தலையணையை நாற்காலியில் உட்காரவைத்து, கயிற்றைச் சுற்றி, இரண்டு முடிச்சு நான் போட்டுவிட்டு, "மூணாவது நீ போடு" என்றேன்.

"தலையாணிக்குக் கல்யாணமா?"

"ஆமா."

"மாப்பிள்ள யாரு?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலையணையையும் பார்த்தாள். "பொருத்தந்தான்" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் போட்டாள்.

என்ன முடிச்சு! ஆபீஸில் கட்டுக் கட்டாக ஃபைல் கட்டின விரல்கள். தலையில் இருந்தது எல்லாம் எங்கெங்கோ போய்விட்டது, விரலில் இருந்தது அப்படியே இருந்தது. நான் போட்ட இரண்டும் அவிழ்ந்துவிடும், அவள் போட்டது அவிழாது. இருபது நாள் இதே வேலை. தலையணைக்கு, தண்ணீர் கேனுக்கு, ஜன்னல் கம்பிக்கு. ஒரு தடவை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நாற்காலிக் கையோடு சேர்த்து என் மணிக்கட்டுக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அவிழ்க்க முடியாமல் நாற்காலியோடு சமையலறைக்குப் போய்க் கத்தி எடுத்தேன்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு வாடகைக் கார் வந்தது. அவளுக்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை. எனக்கு எட்டு முழ வேட்டி. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முதல் கேள்வி.

"எங்க போறோம்?"

"சிதம்பரம். உன் தம்பிக்கு அறுவதாங் கல்யாணம்."

"அப்பிடியா!" முகமெல்லாம் சந்தோஷம்.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும். "எங்க போறோம்?" சொன்னேன். "அப்பிடியா!" அதே சந்தோஷம். ஒரே செய்திக்கு இப்படித் திரும்பத் திரும்பப் புதிதாகச் சந்தோஷப்படுகிற ஆள் உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதல் ஏழெட்டுத் தடவை நானும் ரசித்தேன். புதுச்சத்திரம் வந்தது. கேள்வியும் வந்துகொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

பார்க்க ஒரு ஆள் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பதினைந்தாவது தடவையோ பதினாறாவது தடவையோ அவள், "எங்க போறோம்?" என்று கேட்டபோது நான் சொன்னேன்:

"உன் தம்பிக்கு ரெண்டாங் கல்யாணம்!"

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வகையில் பொய்யும் இல்லையே, அதே பெண்டாட்டியோடு இரண்டாவது கல்யாணம்தானே என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அவள் 'அப்பிடியா' என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளாற்றுப் பாலம் வந்தது, போனது. மண்டப வாசல்வரை ஒரு கேள்வியும் வரவில்லை. ஆகா, ஒரு வழியாக அமைதியாகிவிட்டாள் என்று நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இதுதான் என் இரண்டாவது தப்பு.

மண்டபத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. உறவுக்காரர்கள் வந்து, "என்னத் தெரியுதா, என்னத் தெரியுதா" என்று அவளைப் பரீட்சை வைத்தார்கள். அவள் எல்லாரிடமும், "தெரியாம என்ன, சாப்ட்டிங்களா?" என்று கேட்டு நூற்றுக்கு நூறு வாங்கினாள். மேடையில் மச்சான் ஜரிகை வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி. பார்லர்காரப் பெண் இருபது வயதைத் துடைத்துவிட்டிருந்தாள். ஒட்டுமுடிப் பின்னல், முகத்தை மறைக்கிற மாலை, நெற்றியில் சுட்டி. நானே இரண்டு தடவை உற்றுப் பார்த்தேன்.

கலச நீர் ஊற்றி முடித்து, ஈரம் மாற்றி, மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். ஐயர், "நாத்தனார் வாங்கோ" என்று கூப்பிட்டார். நான் அவளைக் கையைப் பிடித்து மேடையேற்றிவிட்டு ஓரமாக நின்றேன். கெட்டிமேளத்துக்கு நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். மச்சான் தாலியைக் கையில் எடுத்தான். என் மனைவி பெண்ணுக்குப் பின்னால் போய் நிற்பதற்குப் பதில் முன்னால் வந்து, பெண்ணைக் குனிந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா, உனக்கு வெக்கமா இல்ல?"

"அக்கா?" என்றான் மச்சான்.

"ஊட்ல ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கா. அவ இருக்கும்போது இன்னொருத்தி கழுத்துல தாலி கட்றியா? தூ!"

மேளக்காரர் குச்சி மேலேயே நின்றுவிட்டது. மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு என்ன ஆயிற்று என்றே எனக்குப் புரியவில்லை, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். "மாமா! அக்காவுக்கு என்னத் தெரியுது மாமா! என்னத்தான் திட்டுது!" என்றான். தீபாவளிக்குப் பிறகு எட்டு மாதம் கழித்து அக்கா அவனை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள், துப்புவதற்காகவாவது.

நான் ஓடினேன். "இதோ பாரும்மா, அவதான் இவ. நல்லாப் பாரு, உன் தம்பி பொண்டாட்டிதான். மேக்கப் போட்டிருக்கா."

"நீங்க சும்மா இருங்க. கார்ல வரும்போது நீங்கதான சொன்னீங்க, ரெண்டாங் கல்யாணம்னு? இப்ப மாத்திப் பேசறீங்க!"

முன்னூறு பேர் என்னைப் பார்த்தார்கள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது நினைவில்லாதவள், மகள் பெயர் நினைவில்லாதவள், என் ஜோக்கை மட்டும் ஆள் விவரத்தோடு வைத்திருக்கிறாள். பின்னால் டாக்டரிடம் இதைக் கேட்டேன். சேதி போய்விடும் சார், அது மனசில் உண்டாக்கின கோபமும் பயமும் லேசில் போகாது என்றார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. தம்பியிடம் திரும்பினாள்.

"அவ என்னடா கொற வெச்சா உனக்கு? அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப பதினோரு மாசம் பீ மூத்திரம் அள்ளினது யாரு? நானா? நான் ஆபீசு ஆபீசுன்னு ஓடிட்டிருந்தேன். அவதான் அள்ளினா. ஒரு நாளு மூஞ்சியச் சுளிச்சிருப்பாளா? அந்தப் பானைய நான் கேட்டிருக்கவே கூடாது. அது அவளுக்குத்தான். எத்தன வாட்டி சொல்லிடணும்னு நெனச்சேன், வாயி வரல."

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நிமிர்ந்தபோது கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. "அண்ணி, நான்தான் அண்ணி..." என்றாள்.

"நீ பேசாத. பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டம் இருக்க. உனக்கு வேற மாப்பிள்ளையா கெடைக்கல?"

சபையில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று நான் கொடுத்த கேரண்டி அத்தோடு முடிந்தது. ஐயர் கடிகாரத்தைக் காட்டினார். "இந்தக் கல்யாணத்துக்கு நான் முடிச்சு போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். போகும்போது, சித்தப்பா பெண் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வருவது தெரிந்தது.

கீழே சாப்பாட்டுக் கூடம் காலியாக இருந்தது. அவளை ஓரத்து மேஜையில் உட்காரவைத்தேன். பரிமாறுகிறவர்கள் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியிலிருந்து கெட்டிமேளம் கேட்டது, நின்றது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. எந்தச் சமயத்திலும் எனக்கு ஏதாவது ஒன்று வாயில் வந்துவிடும்; அன்று வரவில்லை. இருபது நாள் அவளுக்கு முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தேன் என்று நினைத்தேனே, அவளுக்குத்தான் அது தெரிந்திருந்ததே. எனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது, வாயை மூடிக்கொண்டு வருவது. அவள் ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டது என்னைச் சிரிக்கவைக்க இல்லை. தான் எங்கே போகிறோம் என்று தெரியாமல் பயந்து கேட்டாள். பதினைந்து தடவை அவளுக்குப் பதில் சொன்னேன். பதினாறாவது தடவை டிரைவருக்குப் பதில் சொன்னேன்.

இந்தச் சிரிச்ச முகத்தை நான் யாருக்காக வைத்திருக்கிறேன் என்று அந்த வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் யோசித்தேன். கொஞ்சம் அவளுக்காக. கொஞ்சம் மச்சானுக்காக, அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக. ஜாஸ்தி எனக்காகத்தான்.

பந்தி நிரம்பியது. சாம்பார் வந்தது. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். அப்போது யாரோ வந்து அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மச்சான் பெண்டாட்டி. முகத்தை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். மாலையும் இல்லை, சுட்டியும் இல்லை, ஒட்டுமுடியும் இல்லை. சொந்தக் கொண்டையும் சொந்த நரையும். ஒரு இலையை இழுத்து விரித்தாள்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"எங்கடி போயித் தொலஞ்ச இவ்ளோ நேரம்?"

"இங்கதான் அண்ணி இருக்கேன்."

"அங்க உன் புருஷன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அந்தச் சங்கதியை இவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "ஒண்ணுமில்ல. நான் திட்டிட்டேன். இனிமே செய்யமாட்டான்" என்றாள்.

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன அண்ணி" என்றாள் அவள்.

நான் எழுந்து மச்சான் பெண்டாட்டி பக்கம் போய், "மன்னிச்சிடும்மா, எல்லாம் என் வாயால வந்த வென" என்றேன். "வுடுங்கண்ணே. முப்பது வருஷமா நான் கேக்கணும்னு இருந்தத நீங்க ஒரு பொய் சொல்லிக் கேக்க வெச்சிட்டிங்க" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பா பொண்ண நான் போடவுடல. ரெண்டு முடிச்சோட எழுந்து வந்துட்டேன்."

இதற்குள் என் மனைவியின் பார்வை அவள் கழுத்துக்குப் போயிருந்தது. பழைய சங்கிலியோடு புது மஞ்சள் கயிறு. இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் முடிச்சைத் தடவினாள்.

"யாரு போட்டது இது?"

"அவர்தான்."

"ரெண்டுதான் இருக்குது. இது நிக்காது. இப்பிடித் திரும்பு."

வலது கையில் சாம்பார். அதை என் புது வேட்டியில் அழுத்தித் துடைத்தாள். முன்னும் பின்னுமாக, விரல் விரலாக. பிறகு கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்து, ஃபைல் கட்டுகிற மாதிரி ஒரு இழு இழுத்து, மூன்றாவது முடிச்சைப் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

வீடியோக்காரர் மாடியில் இருந்தார். மச்சான் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தான். பந்தியில் எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் பார்த்தேன். நல்ல வேளையாக என்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உடனே ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அதையும் கெடுத்திருப்பேன்.

"இப்ப எவ வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சாப்புடு" என்றாள் என் மனைவி. வடை வாளியோடு வந்தவரை நிறுத்தினாள்.

"இந்தப் பொண்ணுக்கு ரெண்டு வடை வைப்பா. இவதான் மொத பொண்டாட்டி."

அவர் என்னைப் பார்த்தார். வையுங்க என்று தலையாட்டினேன்.